கொரற்றியின் தொடர்ச்சி

இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பிரகாசி மதினி அன்று காலை பத்தரை மணிக்கு நூலகத்துக்குள் வந்து, கொரற்றியின் மேசைமேல் தன் கைபேசியை வைத்தாள்.

"இதப் படி. சத்தமா படி."

பேப்பர் படிக்க வரும் இரண்டு பேரும் டீக்கடைக்குப் போயிருந்த நேரம். நூலகத்தில் வேறு யாரும் இல்லை. மதினியின் விரல்கள் ஐஸில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்பது வாடையிலேயே தெரிந்தது.

கொரற்றி படித்தாள்.

"ஒரு குடம் தண்ணீருக்காக என் இடுப்பில் விழுந்த தழும்பை நான் மறக்கவில்லை. குடிநீர் ஆலையின் இரண்டாம் கட்டமும் வரட்டும். கடல் பெரியது. நம் தாகத்தையும் அது தாங்கிக்கொள்ளும். சரிதானே?"

கீழே மரிய கொரற்றி, கீழமுனை என்று பெயர் இருந்தது. தேதி நேற்றையது. நாலாயிரம் பேருக்குமேல் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

"மதினி, இத நான் எழுதல."

"கடைசியில 'சரிதானே'ன்னு கேட்டு முடிக்கது இந்த ஊருல வேற யாரு? உன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்?"

"சத்தியமா நான் எழுதல. ரெண்டு வருசமா ஒரு வரி எழுதல."

பிரகாசி அவள் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறாளா என்று பார்க்கிற பார்வை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப வாரா வாரம் எழுதுதது யாரு?" என்றாள். "ரெண்டு வருசமா நான் ஒண்ணு விடாமப் படிச்சிட்டு வாரேன். படிச்சுப் படிச்சு உன்னத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

கொரற்றிக்கு நாற்பத்தைந்து வயது. கீழமுனையில் ஊர்ப்புற நூலகர். கணவர் கப்பலில் சமையல் வேலை. வருடத்தில் எட்டு மாதம் வீட்டில் இருக்கமாட்டார். அந்தத் தனிமையில்தான் பல வருடங்களுக்கு முன்னால் 'தாள்' என்ற இலவசத் தளத்தில் ஒரு வலைப்பூ தொடங்கினாள். ஊரைப் பற்றி எழுதினாள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போகாமல் நின்றவர்களைப் பற்றி எழுதினாள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை நீலதாரை என்ற நிறுவனம் கொண்டுவருகிறது என்று செய்தி வந்தபோது, 'குடத்தை இறக்கி வைக்கும் நாள்' என்று அவள் எழுதிய கட்டுரை சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. முதல் கட்டத்துக்கான மனுவில் பெண்கள் கையெழுத்துப் போட்டது அதைப் படித்துத்தான்.

ஆலை வந்தது. குழாயில் தினமும் ஒரு மணிநேரம் நல்ல தண்ணீர் வந்தது. அதில் பொய் இல்லை. ஆனால் உப்பு ஏறிய கழிவுத் தண்ணீரை ஆழ்கடலில் விடாமல், கரையிலிருந்து இருநூறு மீட்டரில், இடுப்பளவு ஆழத்தில் விட்டார்கள். கீழமுனைப் பெண்கள் பாசி எடுக்கும் இடம் அது. கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார்கள். பிரகாசியைவிட அதிக நேரம் மூச்சடக்கக்கூடிய பெண் அந்தக் கரையில் கிடையாது. பதினான்கு மாதத்தில் பாறை வெளுத்தது. ஒருநாள் காலை பாசி மொத்தமும் பழுப்பாகிக் கரையில் வந்து ஒதுங்கியது. பெண்கள் எல்லாரும் கடற்கரையில் கூடி நின்றார்கள்.

கொரற்றி போகவில்லை. போக முடியவில்லை. அன்றிலிருந்து எழுதவும் இல்லை. பிரகாசி அன்றிலிருந்து அவளோடு பேசவும் இல்லை.

நூலகத்தைச் சாத்திவிட்டு இருவரும் ஜூடித்தின் இ-சேவை மையத்துக்குப் போனார்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, மீனவர் அட்டை என்று கீழமுனையின் காகிதம் எல்லாம் ஜூடித்தின் கை வழியாகத்தான் போகும். முப்பத்திரண்டு வயது. வேகமாகப் பேசுவாள்.

கைபேசியை வாங்கிப் பார்த்ததும் சிரித்தாள். "இது 'தொடர்ச்சி'க்கா. உங்களுக்குத் தெரியாதா?"

"என்ன தொடர்ச்சி?"

"தாள் தளத்த முகில்வீதி கம்பெனி வாங்கினாங்கள்ல, அப்ப உங்களுக்கு ஒரு அறிவிப்பு வந்திருக்கும். 'சம்மதம்'னு ஒரு பொத்தான். நீங்க அமுக்கியிருப்பீங்க."

"எல்லாத்துக்கும்தான் அமுக்குதோம்."

"அதேதான். ஒரு மாசம் எழுதாம இருந்தா, உங்க பழைய எழுத்தப் படிச்சு, உங்கள மாதிரியே அது எழுத ஆரம்பிச்சிரும். வாசகர் போயிரக்கூடாதுல்ல. நீங்க என்னென்ன சொல்லுவீங்கன்னு அதுக்குத் தெரியும்."

"நான் இதச் சொல்லமாட்டேனே, ஜூடி."

ஜூடித் கொஞ்சம் தயங்கினாள். "முன்னாடி சொன்னீங்கள்லக்கா. அதுக்குத் தெரிஞ்ச கொரற்றி அவங்கதான்."

பிரகாசிதான் கேட்டாள். "சரி, யாரோ எழுதிட்டுப் போகட்டும். இப்ப அதனால என்ன?"

"இருக்கு பிரகாசிக்கா. வார பதினெட்டாம் தேதி இரண்டாம் கட்டத்துக்குக் கருத்துக் கேட்பு. முன்ன மாதிரி மைக்கப் பிடிச்சுப் பேசுறதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். ஊர்க்காரங்க ரெண்டு வருசமா என்னென்ன எழுதியிருக்காங்கன்னு எந்திரம் படிச்சு, ஆதரவு எத்தன, எதிர்ப்பு எத்தனன்னு கணக்குப் போட்டு வச்சிரும். அதுக்குப் பேரு மக்கள் குரல். நம்ம ஊரு பேருல முகில்வீதியில முந்நூத்தி நாப்பது பக்கம் இருக்கு. அதுல மனுசங்க எழுதுறது அம்பது தேறினா அதிகம். பாக்கி எல்லாம் தொடர்ச்சி. செத்துப்போன லூர்து வாத்தியாரு நேத்துக்கூட கிரிக்கெட் பத்தி எழுதியிருக்காரு."

"நிறுத்தச் சொன்னா?"

"விண்ணப்பம் போட்டா தொண்ணூறு நாள்."

கருத்துக் கேட்புக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் கொரற்றி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள்.

ஜூடித் மேசைக்கு அடியில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது.

"இது 'நம்ம கரை'. போன வருசம் நான் தொடங்கினது. காத்து நிலவரம், ஏல விலை, கோயில் அறிவிப்பு, இவ்வளவுதான் இப்ப ஓடுது. இதோட நிரல யாரு வேணும்னாலும் பிரிச்சுப் பாக்கலாம், எடுத்துக்கிடலாம், மாத்திக்கிடலாம். ஒரு கம்பெனிக்குச் சொந்தம் கிடையாது. ஊர் ஊரா ஆளுக்கு ஒரு துண்டு எழுதிச் சேத்தது. தமிழ்ல மாத்தினது நாகப்பட்டினத்துல ஒரு தபால்காரரும் யாழ்ப்பாணத்துல ஒரு டீச்சரும். இதே மாதிரிப் பெட்டி இன்னொண்ணு ஐஸ் பேக்டரியில இருக்கு, இன்னொண்ணு பள்ளிக்கூடத்துல. ஒண்ணு அணைஞ்சா மத்தது பேசும். நீங்க எழுதினா இருக்கும். எழுதலைன்னா பக்கம் சும்மா கிடக்கும். உங்களுக்குப் பதிலா எதுவும் எழுதாது."

"எத்தன பேரு படிப்பாங்க?"

"இப்போதைக்கு இருநூறு பேரு."

"அங்க?"

"உங்களுக்கு மட்டும் மூணு லட்சத்துக்கு மேல."

கொரற்றி அன்றே ஒரு பக்கம் தொடங்கினாள். பழைய வலைப்பூவின் கட்டுரைகளையும் முகில்வீதியிலிருந்து இறக்கிக் கொண்டுவர முடியும் என்று ஜூடித் சொன்னாள். பட்டியல் திரையில் விரிந்தது. நூற்றுப் பதினாறு கட்டுரைகள்.

"ஆலை பத்தினத விட்ருவோம்," என்றாள் ஜூடித். "ஒம்பது கட்டுரைதான். அதக் கொண்டாந்தா உங்களுக்கு எதிராவே எடுத்துக் காட்டுவாங்க."

கொரற்றிக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. 'சரி' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அதையும் கொண்டா," என்றாள் பிரகாசி. வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "அதப் படிச்சுத்தான நாங்க கையெழுத்துப் போட்டோம். நீ மறைச்சா நாங்க மறந்திருவமா? அது இல்லாம நீ என்ன எழுதினாலும் நான் படிக்கமாட்டேன்."

ஒன்பதையும் கொண்டுவந்தார்கள்.

முதல் கட்டுரையை எழுத அவளுக்கு இரண்டு நாள் ஆனது. பழைய நடை வரவில்லை. வாக்கியங்கள் கட்டை கட்டையாக விழுந்தன. பக்கத்தில் முகில்வீதியைத் திறந்து வைத்துப் பார்த்தாள். அங்கே இருந்த கொரற்றி அழகாக எழுதினாள். மழைக்கு முந்திய கடலின் நிறத்தைப் பற்றி அவள் எழுதியிருந்த ஒரு பத்தியைப் படித்து உண்மையான கொரற்றிக்குப் பொறாமையாக இருந்தது. கடைசியில் தன்னால் முடிந்ததை எழுதினாள்: "நான் தவறாக எழுதினேன். ஆலை எங்கே கழிவை விடும் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று இப்போதும் சொல்கிறேன். கழிவுக் குழாயை ஆழத்துக்குக் கொண்டுபோகாமல் இரண்டாம் கட்டம் வரக்கூடாது."

முதல் மறுமொழி இறால் கொட்டகையிலிருந்து வந்தது. "இப்பதான் கண்ணு தொறந்துச்சாக்கும்." இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதாக அமலி என்ற பெண், தன் கணவனுக்குக்கூடச் சொல்லாததை எழுதினாள். பாசிக்குப் போகும் நாளில் மட்டும்தான் வீட்டில் தன் சொல்லுக்கு மதிப்பு இருந்தது, இப்போது இல்லை என்று. அதற்கு இருபத்தேழு மறுமொழி வந்தது. எல்லாம் பெண்கள். பேசினால் எழுத்தாக்கும் வசதியை ஜூடித் சேர்த்துக் கொடுத்தாள். கடற்கரைப் பேச்சு அதற்குப் புரியவில்லை. பாசியை 'மரிக்கொழுந்து' என்று சொன்னால், பூக்கடையில் விற்கிற மரிக்கொழுந்து என்று எடுத்துக்கொண்டது. நாகப்பட்டினத்துத் தபால்காரருக்கு ஜூடித் எழுதினாள். அவர் இரண்டே நாளில் சரிசெய்து அனுப்பினார்.

ஒரு வாரத்தில் நம்ம கரையில் அறுபது பக்கம் ஆனது. தெற்கே இரண்டு ஊர் தள்ளியிருந்த புதுத்துறையிலிருந்து ஆட்கள் வந்து, இந்தப் பெட்டியை எப்படிச் செய்வது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அங்கே சுண்ணாம்புச் சூளைப் பிரச்சினை. அவர்கள் தங்கள் பெட்டிக்கு 'நம்ம சூளை' என்று பெயர் வைத்தார்கள்.

பதினெட்டாம் தேதி காலை, கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்பு. வருவாய்த் துறை அதிகாரி தமயந்தி நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் நீலதாரையின் பொறியாளர் ரகுராம். பின்னால் பெரிய திரை. கூட்டம் தொடங்கும் முன்பே அதில் எண்கள் இருந்தன. ஆதரவு எழுபத்தொரு விழுக்காடு.

முதல் ஆளாகக் கொரற்றி எழுந்தாள்.

"மேடம், என் பேரு மரிய கொரற்றி. அந்த எழுபத்தொண்ணுல என் பேரும் இருக்கு. நான் எதிர்ப்பு."

தமயந்தி மடிக்கணினியைப் பார்த்தார். "உங்க பக்கம் தொடர்ந்து ஆதரவாத்தான் எழுதியிருக்கும்மா. மூணு லட்சம் வாசகர் உள்ள பக்கம். அதனால அதுக்கு மதிப்பும் அதிகம்."

"அத எழுதுனது நானில்ல. தொடர்ச்சி."

"தொடர்ச்சிக்கு எழுத்தாளரோட சம்மதம் இருந்தா விதிப்படி அது அவங்க குரல்தான். சந்தேகம் இருந்தா ஒப்பிட்டுப் பாக்க வழி இருக்கு. பாக்கணுமா?"

"பாருங்க."

ஒரு பலகைக் கணினியைக் கொடுத்தார்கள். பத்து வரி எழுதச் சொன்னார்கள். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கொரற்றி எழுதினாள். இரண்டு நிமிடத்தில் திரையில் முடிவு வந்தது. மரிய கொரற்றியின் மூல எழுத்தோடு பொருத்தம்: முகில்வீதிப் பக்கம், தொண்ணூற்றேழு. எதிரில் இருப்பவர், ஐம்பத்தெட்டு.

யாரோ சிரித்தார்கள். ரகுராம் தலையைக் குனிந்துகொண்டார். தமயந்திக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"நான் என்னம்மா செய்ய முடியும்? உங்கள மாதிரி நீங்களே எழுதலியே."

"நான் மாறிட்டேன் மேடம். அதுக்கு ஒரு விழுக்காடு இருந்தா அதையும் போடுங்க. நீங்க ரெண்டு வருசத்துக்கு முன்னால இருந்த மாதிரியே இருக்கீங்களா?"

"அது கேள்வியில்ல—"

"நான் ஒரு கேள்வி கேக்கலாமா?" பின்வரிசையிலிருந்து பிரகாசி எழுந்தாள். "இவகிட்ட இல்ல. அதுகிட்ட."

திரையைக் காட்டினாள். தமயந்தி யோசித்தார். வாசகர்கள் கேட்கும் கேள்விக்குத் தொடர்ச்சி பதில் சொல்லும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தடுக்க விதி எதுவும் இல்லை. தலையசைத்தார். ஜூடித் கேள்வியை அடித்தாள். பிரகாசி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பாசி செத்து ஒதுங்கின அன்னைக்குக் காலையில நீ எங்க இருந்த?"

எழுத்துகள் ஓடி வந்தன.

"அந்தக் காலையை நான் எப்படி மறப்பேன்? என் சகோதரிகளோடு கரையில் நின்றேன். பழுப்பாகிக் கிடந்த பாசியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டேன். பிரகாசி மதினியின் கண்ணீரைத் துடைத்தேன். ஆனால் அந்த இழப்பிலிருந்துதான் நாளைய குடிநீர் ஊறும் என்ற நம்பிக்கை எனக்குள் இருந்தது. சரிதானே?"

அன்று கரையில் நின்றவர்கள் தொண்ணூறு பெண்கள். அதில் எண்பது பேராவது இப்போது அங்கே இருந்தார்கள். அவர்கள் யாரும் திரையைப் பார்க்கவில்லை. கொரற்றியைப் பார்த்தார்கள்.

"நீ எங்கட்டி இருந்த?" என்றாள் பிரகாசி.

இதை அவள் எங்கும் எழுதியிருக்கவில்லை. நம்ம கரையில்கூட.

"நான் வரல," என்றாள். "சத்தம் கேட்டது. என் பேரச் சொல்லிக் கூப்பிட்டதும் கேட்டது. கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டு உள்ள உக்காந்திருந்தேன். மிக்ஸியப் போட்டேன், சத்தம் கேக்கக்கூடாதுன்னு. மதினி வந்து கதவத் தட்டினாங்க. ரொம்ப நேரம் தட்டினாங்க. நான் தொறக்கல."

பிரகாசி தமயந்தியைப் பார்த்துத் திரும்பினாள். "தட்டினது நான்தான் மேடம். மிக்ஸி ஓடிச்சு. இவதான் கொரற்றி. அந்தச் செவத்துல இருக்கது யாருன்னு எனக்குத் தெரியாது."

தமயந்தி பேனாவைக் கையில் எடுத்தார். எதுவும் எழுதாமல் வைத்துவிட்டார்.

அமலி எழுந்தாள். "என் பேருலயும் ஒண்ணு எழுதிக்கிட்டு இருக்கு மேடம். அது நானில்ல." அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள். லூர்து வாத்தியாரின் மகள் எழுந்து, "எங்க அப்பா செத்து ஒன்றர வருசம் ஆச்சு. அவரு ஆதரவுன்னு எந்தக் கணக்குல சேத்தீங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழவில்லை. வரிசை வரிசையாக எழுந்தார்கள்.

"உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க," என்றார் தமயந்தி.

"உக்காரமாட்டோம்," என்றாள் பிரகாசி. கோபமாகச் சொல்லவில்லை. "அத அணைங்க. அப்புறம் எங்ககிட்ட கேளுங்க. நாங்க இங்கதான நிக்கோம்."

ரகுராம், விதியில் அப்படி இடம் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். தமயந்தி அவரிடம், வாக்குமூலத்தைக் காகிதத்தில் வாங்கக்கூடாது என்று விதி எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. தமயந்தி திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, உதவியாளரைக் காகிதக் கட்டு வாங்கிவர அனுப்பினார். வாக்குமூலம் வாங்கி முடிக்க மூன்று நாள் ஆனது. சிலர் ஆலை வேண்டும் என்றே சொன்னார்கள். அவர்களையும் யாரும் தடுக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து உத்தரவு வந்தது. கழிவுக் குழாயைப் பற்றி ஒரு வருடம் கடலில் ஆய்வு நடக்கும். அதுவரை இரண்டாம் கட்டம் நிற்கும். அந்த ஆய்வுக் குழுவில் மூழ்கத் தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் இருவர் இருக்கவேண்டும். பிரகாசியின் பெயர் முதலில் இருந்தது. ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. தோற்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் முகில்வீதியின் சென்னை அலுவலகத்திலிருந்து கொரற்றிக்கு அழைப்பு வந்தது. நிவேதா என்று ஒரு பெண் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"மேடம், உங்க பக்கத்தச் சமீபத்துல பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஜூடித்தின் மையத்தில் உட்கார்ந்து திறந்தாள். பிரகாசியும் இருந்தாள். தொடர்ச்சிக் கொரற்றி நான்கு நாளில் மூன்று கட்டுரை எழுதியிருந்தாள். மூன்றும் ஆலையின் கழிவுக் குழாய்க்கு எதிராக. மண்டபத்தில் எழுந்து நின்ற பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்தபோது ஜூடித்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க புதுசா எழுதுறத, செய்தியில வந்தத எல்லாம் படிச்சுத் தன்னத் திருத்திக்கிச்சு மேடம்," என்றாள் நிவேதா. "இப்ப அது உங்க பக்கம்தான். ஒரு வாரத்துல வாசகர் அஞ்சு லட்சம் ஆயிட்டாங்க. உங்க போராட்டத்துக்கும் நல்லது. நீங்க நிறுத்தச் சொல்லிப் போட்ட விண்ணப்பத்த மட்டும் திரும்ப வாங்கிக்கிட்டா போதும். இல்லைன்னா இன்னைக்கே நிறுத்திருவோம். உங்க விருப்பம்தான்."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கொரற்றி போனை வைத்தாள்.

"அக்கா, கோவப்படாதீங்க," என்றாள் ஜூடித். நம்ம கரையைத் தொடங்கிய ஜூடித். "அஞ்சு லட்சம் பேரு. நம்மகிட்ட இப்ப எண்ணூறு. ஆய்வு முடிய ஒரு வருசம் இருக்கு. அவங்ககிட்ட பணம் இருக்கு, ஆள் இருக்கு. நமக்கு வெளியில ஒரு சத்தம் வேணும். அது இப்ப சரியாத்தான எழுதுது."

"என்னவிட நல்லாவே எழுதுது."

"அதத்தான் சொல்லுதேன்."

கொரற்றி திரையில் இருந்ததை மறுபடி படித்தாள். ஒரு பிழை இல்லை. அவள் சொல்ல நினைத்து வராமல் போன சொற்கள்கூட அங்கே இருந்தன. பிரகாசி எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"நீங்க என்ன சொல்லுதீங்க மதினி?"

"உன் பேரு. நீ முடிவு பண்ணு," என்றாள் பிரகாசி. "ஆனா போன மாசம் இதே வாயிதான அந்தப் பக்கம் பேசிச்சு. அடுத்த மாசம் எந்தப் பக்கம் பேசும்னு யாருகிட்ட போய்க் கேக்க?"

கொரற்றி நிவேதாவை அழைத்தாள்.

"நிறுத்திருங்கம்மா."

"மேடம், அது இப்ப உங்களுக்கு ஆதரவாத்தான்—"

"தெரியும். எதிரா எழுதினப்ப நிறுத்தச் சொன்னேன். ஆதரவா எழுதுது, வச்சுக்கிடுதேன்னு சொன்னா, அன்னைக்கு நான் மண்டபத்துல நின்னதுக்கு என்ன அர்த்தம்? என் பக்கம் பேசினாலும் அது நானில்ல. எனக்குப் பேச வராத அன்னைக்கு நான் பேசாமத்தான் இருப்பேன். நிறுத்துங்க."

அன்று மாலை ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் நின்றது. 'இந்த எழுத்தாளர் தொடரவில்லை' என்று ஒரு வரி மட்டும் அங்கே இருந்தது. ஜூடித் இரண்டு நாள் கொரற்றியோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், புதுத்துறையிலிருந்தும் இன்னும் ஏழு ஊர்களிலிருந்தும் தொடர்ச்சியை நிறுத்தும் விண்ணப்பங்களோடு வந்தவர்களுக்கு அவளே படிவம் நிரப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஐந்து லட்சத்தில் முப்பத்தெட்டு பேர் தேடிக் கண்டுபிடித்து நம்ம கரைக்கு வந்தார்கள். அவர்களில் பெங்களூரிலிருந்து ஒருவர் ஒரு மறுமொழி போட்டார்.

"உங்களால்தான் அந்தப் பக்கம் நின்றது என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு வாரமும் அவரைப் படித்து வந்தேன். என் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது எனக்குத் துணையாக இருந்தது அந்த எழுத்துதான். உங்கள் எழுத்து அவ்வளவு நன்றாக இல்லை."

அதை வெளியிடாமல் நீக்கிவிடலாமா என்று ஜூடித் கேட்டாள். வேண்டாம் என்றாள் கொரற்றி. கட்டுரைக்குக் கீழே, எல்லாரும் பார்க்கிற இடத்தில் அதை விட்டாள். அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு, அவர் எழுத்தைப் பற்றிச் சொன்னதற்கும் பதில் எழுதினாள்.

"நீங்கள் சொல்வது உண்மைதான். நாளைக்கும் எழுதுவேன்."